கிணற்றடியில் இருக்கும் இலக்கணம்: காங்கேசன்துறை ஆரம்பப் பிரிவு ஆங்கில ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

காங்கேசன்துறையிலும் அதன் அயலூர்களான மாவிட்டபுரம், கீரிமலை, மயிலிட்டி, தெல்லிப்பழை ஆகிய இடங்களிலும் ஆரம்பப் பிரிவு மாணவருக்கு ஆங்கிலம் கற்பிக்கும் மதிப்புக்குரிய ஆசிரியர்களுக்கு,

ஆங்கிலத்தில் ஒரு பெயர்ச்சொல்லுக்கு முன்னே நின்று, அப்பெயர் குறிக்கும் பொருளுக்கும் வாக்கியத்தின் பிற பகுதிகளுக்கும் இடையே உள்ள இடம், காலம், கருவி, துணை முதலிய உறவுகளைக் காட்டும் ‘இன்’, ‘ஒன்’, ‘அற்’, ‘அண்டர்’, ‘பிஹைன்ட்’, ‘பிற்வீன்’ போன்ற சொற்கள் முன்னிடைச்சொற்கள் எனப்படும். இவை உருவத்தில் சிறியவை, எண்ணிக்கையிலும் மிகப் பலவல்ல. புதிய பெயர்களும் வினைகளும் ஒரு மொழிக்குள் ஓயாது வந்து சேர, முன்னிடைச்சொற்களின் தொகுதி பெரும்பாலும் இருந்தபடியே இருக்கிறது. ஆயினும், தரம் 1, 2 இல் விளையாட்டோடும் செயலோடும் வாய்மொழியாக அறிமுகமாகி, தரம் 3 இல் முறையான பாடமாகத் தொடங்கும் ஆங்கிலத்தில் தமிழ்ப் பிள்ளைகள் அடிக்கடி இடறும் இடம் இதுவே. பட்டம் பெற்றுப் பதவி வகிப்போரின் எழுத்திலும் கடைசிவரை நீங்காமல் நிற்கும் பிழைகளும் இவற்றையே பற்றி நிற்கின்றன. இதற்குப் பிள்ளைகளின் திறமைக்குறைவு காரணமன்று. ‘இன்’ என்றால் உள்ளே, ‘ஒன்’ என்றால் மேலே, ‘அற்’ என்றால் இல் என்று கரும்பலகையில் எழுதி மனனம் செய்விக்கும் பட்டியலே பெரிதும் காரணம் என்பதும், அப்பட்டியல் எழுத்துத் தமிழை மட்டும் பார்த்து ஆக்கப்பட்டது என்பதும், யாழ்ப்பாணப் பிள்ளைகள் வீட்டில் பேசும் தமிழோ ஆங்கிலத்தின் இடப்பாகுபாட்டுக்கு அதைவிட மிக நெருக்கமாக நிற்கிறது என்பதும் இம்மடலின் கருத்து.

தமிழில் இவ்வுறவுகளைக் காட்டும் கூறுகள் பெயருக்குப் பின்னேதான் வருகின்றன. ஐ, ஆல், கு, இன், அது, கண் முதலியன வேற்றுமை உருபுகள், அதாவது பெயரின் பொருளை வேறுபடுத்திக் காட்டும் ஈறுகள்; மேல், கீழ், உள், முன், பின் போன்றவை உருபின் வேலையைச் செய்யும் தனிச்சொற்களாதலால் சொல்லுருபுகள் என வழங்கப்படுகின்றன. இடப்பொருளுக்குரிய ஏழாம் வேற்றுமையைக் கூறும்போது தொல்காப்பியர் புறம், அகம், உள், கீழ், மேல், பின், அயல், முன், இடை, வலம், இடம் என்றவாறு 19 சொற்களை எண்ணிக் காட்டுகிறார். நன்னூலார் அவ்வெண்ணை 28 ஆக விரிக்கிறார். ஆகவே இடநுட்பங்களை அறியாத மொழி தமிழ் என்றோ, அவற்றை ஆங்கிலத்தின் வழியாகத்தான் பிள்ளை முதன்முதலாக அறிகிறது என்றோ எண்ணுவதற்கு இடமே இல்லை. வினை இறுதியில் வரும் மொழிகளில் இத்தகைய சொற்கள் பெயருக்குப் பின்னே வருவதே பெருவழக்கு என்பதை மொழியியலாளர் யோசப் கிறீன்பேர்க் 1963 இல் வெளியிட்ட, உலக மொழிகள் பலவற்றை ஒப்பிட்ட ஆய்வில் எடுத்துக்காட்டினார். எனவே பிள்ளைக்குப் புதியது இரண்டு: ஒன்று, சொல் நிற்கும் இடம், மற்றது, இடத்தைக் கூறுபோடும் முறை. முதலாவது சில வாரப் பயிற்சியில் படிந்துவிடும். கடினமானது இரண்டாவதே.

எழுத்துத் தமிழில் புத்தகம் மேசையில் இருக்கிறது, புத்தகம் பெட்டியில் இருக்கிறது, தங்கை பாடசாலையில் இருக்கிறாள் என்னும் மூன்று வாக்கியங்களுக்கும் ‘இல்’ என்ற ஒரே உருபு போதும். ஆங்கிலமோ முதலாவதற்கு ‘ஒன்’, இரண்டாவதற்கு ‘இன்’, மூன்றாவதற்கு ‘அற்’ என மூன்று சொற்களைக் கேட்கிறது. நான்காம் வேற்றுமையின் கதியும் இத்தகையதே: பாடசாலைக்குப் போனாள் என்பதில் அது ‘ரூ’ ஆகிறது, அம்மாவுக்கு வாங்கிய சேலை என்பதில் ‘ஃபோர்’ ஆகிறது, எட்டு மணிக்கு மணியடித்தது என்பதில் ‘அற்’ ஆகிறது. மறுதலையாக, கத்தியால் வெட்டினான் என்பதையும் அண்ணனோடு வந்தான் என்பதையும் தமிழ் வெவ்வேறு உருபுகளால் பிரிக்க, ஆங்கிலம் இரண்டையும் ‘வித்’ என்ற ஒன்றில் அடக்கிவிடுகிறது. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று நேர்நேரே கோடிழுக்கும் பட்டியல் இந்தக் குறுக்கும் மறுக்குமான உறவைக் காட்டவே மாட்டாது; அதை மனனம் செய்த பிள்ளை, பட்டியலுக்கு உண்மையாக நடந்துகொண்டதற்காகவே பிழைக்குறி பெறுகிறது.

பட்டியலின் தீங்கு ‘ஒன்’ என்னும் சொல்லில் மிகத் தெளிவாகத் தெரியும். ‘ஒன்’ என்றால் மேலே என்று படித்த பிள்ளை, சுவரில் தொங்கும் மணிக்கூட்டை எப்படிச் சொல்லும்? மணிக்கூடு சுவருக்கு மேலே இல்லை. முகட்டின் அடிப்பக்கத்தில் தலைகீழாக ஒட்டிக்கொண்டிருக்கும் பல்லியை எப்படிச் சொல்லும்? பல்லி முகட்டுக்குக் கீழேதான் இருக்கிறது; ஆனால் ஆங்கிலம் அதற்கும் ‘ஒன்’ என்றே சொல்கிறது. ஏனெனில் அச்சொல்லின் உயிர் உயரத்தில் இல்லை, தொடுகையில் இருக்கிறது: ஒரு பொருள் இன்னொன்றின் பரப்பைத் தொட்டு அதனால் தாங்கப்பட்டால், அப்பரப்பு படுத்திருந்தாலும் நின்றாலும் கவிழ்ந்திருந்தாலும், ‘ஒன்’ என்பதே பொருந்தும். தொடாமல் உயரத்தில் நிற்பதற்கு ‘அபவ்’ அல்லது ‘ஓவர்’ வேண்டும். தமிழின் மேலே என்னும் சொல் தொடுகையைப் பொருட்படுத்தாது. மேசைக்கு மேலே புத்தகமும் இருக்கலாம், மின்விசிறியும் சுழலலாம். ஆசிரியர் ஒரு சோக்கட்டியை மேசையில் வைத்து ஒரு சொல்லும், அதைத் தூக்கி மேசைக்கு ஒரு சாண் உயரத்தில் பிடித்து மறுசொல்லும், பின்னர் அதே சோக்கட்டியைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து மீண்டும் முதற்சொல்லும் சொல்லிக் காட்டினால், தமிழில் ஒரு வரி விளக்கமும் இல்லாமலே எட்டு வயதுப் பிள்ளை தொடுகை என்ற விதியைத் தானாகக் கண்டெடுத்துவிடும்.

இனி, வீட்டுத் தமிழ். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறுகள் இல்லை. சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் நீரைக் கிணறு வெட்டியே மக்கள் எடுத்துவந்தனர். ஆகவே கிணறு இல்லாத வளவு அரிது. அந்தக் கிணற்றைப் பற்றி ஒரு யாழ்ப்பாணப் பிள்ளை பேசுவதைக் கூர்ந்து கேட்டால், ‘கிணத்துக்கை தவளை கிடக்குது’, ‘கிணத்துக்கட்டிலை வாளி இருக்குது’, ‘கிணத்தடியிலை அம்மா நிக்கிறா’ என்னும் மூன்று வாக்கியங்களும் எவ்விதத் தடுமாற்றமும் இல்லாமல் வரும். முதலாவதில் உள்ள ‘க்கை’ என்பது ‘க்குள்ளே’ என்பதன் இடத்தில் பேச்சில் வழங்கும் ஈறு. சூழப்பட்ட ஓர் உள்ளிடத்தைக் குறிப்பது. அதுவே ஆங்கிலத்தின் ‘இன்’. இரண்டாவதில் ‘இலை’ என்பது இல் உருபின் பேச்சு வடிவம், இங்கே கட்டின் பரப்பைத் தொட்டிருக்கும் நிலையைச் சொல்கிறது, அது ‘ஒன்’. மூன்றாவதில் உள்ள ‘அடி’ கிணற்றின் உள்ளையும் சொல்லவில்லை, அதன் பரப்பையும் சொல்லவில்லை. கிணற்றை ஓர் அடையாளப் புள்ளியாக வைத்து, அப்புள்ளியில் ஒருவர் நிற்பதை மட்டும் சொல்கிறது. பிள்ளைகளுக்குப் பொருள் சொல்ல முடியாமல் ஆசிரியர்கள் வருந்தும் ‘அற்’ என்னும் சொல்லின் பொருள் இதுவேயாகும். படலையடியில் ஆரோ நிற்கிறார்கள், சந்தியடியில் பஸ் நிற்கும், கோயிலடியில் சந்திப்போம், ஸ்ரேசனடியில் கடை இருக்கிறது என்று நாள்தோறும் பேசும் பிள்ளை, ‘அற்’ என்னும் கருத்தைப் பாடசாலைக்கு வருமுன்பே முழுமையாக உடைமையாக்கிக்கொண்டுவிட்டது. எழுத்துத் தமிழுக்கு வந்ததும் கோயிலடி என்பது கோயிலில் என்றோ கோயிலருகில் என்றோ மாறிவிட, அந்தக் கூர்மை மழுங்கிப்போகிறது. மழுங்கிய வடிவத்தை வைத்து ஆங்கிலம் கற்பிப்பதும், கூரிய வடிவத்தைக் கொச்சை என்று வகுப்பறைக்கு வெளியே நிறுத்துவதும் பெரிய இழப்பாகும்.

இன்னொரு சான்றும் உண்டு. ஆங்கிலத்தில் பாடசாலைக்குப் போவதற்கு ‘ரூ’ வேண்டும். வீட்டுக்குப் போவதற்கு அது வேண்டாம். எழுத்துத் தமிழ் இரண்டுக்கும் ஒரே ‘கு’ உருபைத் தருவதால் பிள்ளைகள் ‘கோ ரூ ஹோம்’ என்று எழுதித் திருத்தப்படுகிறார்கள். ஆனால் யாழ்ப்பாணப் பேச்சில் ‘வீட்டை போறன்’ என்பதுதான் இயல்பு. அங்கே ‘கு’ வருவதில்லை. வீடு என்ற சொல் இரு மொழிகளிலும் இப்படி நடப்பது தற்செயலே ஆனாலும், அந்தத் தற்செயலை ஆசிரியர் பயன்படுத்திக்கொள்ளலாம். ‘வீட்டை போறன்’ என்பதில் ‘கு’ இல்லாததுபோல் இங்கே ‘ரூ’ இல்லை என்ற ஒரு குறிப்பு, பத்துத் திருத்தங்கள் செய்யாததைச் செய்யும்.

பேச்சுத் தமிழை ஆங்கிலக் கல்விக்குத் துணைகொள்வது இம்மண்ணுக்குப் புதிதன்று. அமெரிக்க மிசனறிமார் 1816 இல் தெல்லிப்பழையில் நிலையம் அமைத்தும் 1823 இல் வட்டுக்கோட்டையில் செமினறியைத் தொடங்கியும் ஆங்கிலமும் தமிழும் அருகருகே கற்கப்படும் சூழலை வலிகாமப் பகுதியில் உருவாக்கினர். அவர்களுள் ஒருவராகிய, உடுவிலில் பணியாற்றிய மிரன் வின்சிலோ 1862 இல் வெளியிட்ட பெரிய தமிழ் ஆங்கில அகராதி, செந்தமிழோடு கொடுந்தமிழையும், அதாவது வழக்குத் தமிழையும், உள்ளடக்கியது எனத் தன் தலைப்பிலேயே அறிவித்துக்கொண்டது. பிற்காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து மொழியியற் பேராசிரியர் சு. சுசீந்திரராசா யாழ்ப்பாணத் தமிழின் ஒலியமைப்பையும் உருபமைப்பையும் முறையாக ஆராய்ந்து, பேச்சுவழக்கு தனக்கென ஒழுங்கான இலக்கணம் உடையது என்பதை நிலைநாட்டியோருள் ஒருவரானார். இருந்தும் ஆரம்ப வகுப்பின் ஆங்கிலப் பாடத்தில் இவ்வறிவு வந்து சேரவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

ஓர் எச்சரிக்கையும் சொல்லப்பட வேண்டும். க்கை, இலை, அடி ஆகிய மூன்றும் ‘இன்’, ‘ஒன்’, ‘அற்’ ஆகியவற்றோடு எல்லா இடத்திலும் பொருந்திப்போவன அல்ல. தவளை கிணற்றுக்குள் கிடப்பதற்கும் கிணற்றுக்குள் விழுவதற்கும் பேச்சுத் தமிழில் ‘க்கை’ ஒன்றே போதும். ஆங்கிலம் விழுதலுக்கு, உட்செல்லும் அசைவைக் காட்டும் ‘இன்ரூ’ என்பதை விரும்பும். ஊர்ப்பெயர்களுக்கு யாழ்ப்பாணத்தவரும் ‘காங்கேசன்துறையிலை’ என்றே சொல்வர்; ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் ‘இன்’ ஆகும். ஆகவே இவ்வீறுகளை இன்னொரு மனனப் பட்டியலாக்கிவிடக் கூடாது. பிள்ளையின் மனத்தில் ஏற்கெனவே உள்ள பாகுபாட்டைத் தட்டி எழுப்புவதற்கு மட்டுமே அவை. எழுந்த பின் ஆங்கிலம் தன் வழக்கைத் தானே கற்றுக்கொடுக்கும்.

எந்தச் சொல்லை முதலில் கற்பிப்பது என்பதிலும் ஆராய்ச்சி துணைசெய்கிறது. யூடித் ஜோன்ஸ்ரன், டான் ஸ்லோபின் ஆகிய ஆய்வாளர் இருவரும் 1979 இல் வெளியிட்ட ஆய்வு, ஆங்கிலம், இத்தாலியம், சேர்போ குறோசியம், துருக்கியம் ஆகிய நான்கு மொழிகளைப் பேசும் சிறு குழந்தைகள் உள், மேல், கீழ், பக்கம் ஆகிய கருத்துகளை முதலிலும், இடை, முன், பின் என்பவற்றைப் பிந்தியும் பெறுவதைக் காட்டியது. அதிலும் தனக்கென முகப்பு உடைய பொருள்களின் முன்பின் முந்திவர, முகப்பற்ற பொருள்களின் முன்பின் கடைசியாகவே வந்தது. தமிழைப் போலப் பெயருக்குப் பின்னே இடச்சொல்லை வைக்கும் துருக்கிய மொழிக் குழந்தைகள் ஆங்கிலக் குழந்தைகளைவிட இவற்றில் முந்தி நின்றனர் என்பது தமிழாசிரியரும் அறிந்து மகிழத்தக்க செய்தி. இதன் பயன் வகுப்பறையில் நேரடியானது. கதிரைக்கும் பஸ்ஸுக்கும் வீட்டுக்கும் முகப்பு உண்டு. போத்தலுக்கும் பந்துக்கும் பனைமரத்துக்கும் இல்லை. முகப்பில்லாத பொருளுக்கு முன் என்பது பார்ப்பவர் நிற்கும் பக்கத்தால் மட்டும் தீர்மானிக்கப்படுவது. ஆசிரியர் பிள்ளைகளை நோக்கி நின்றுகொண்டு, மேசையிலுள்ள தண்ணீர்ப் போத்தலுக்குத் தம் பக்கமாக ஒரு பந்தை வைத்து, பந்து போத்தலுக்கு முன்னே உள்ளது என்று ஆங்கிலத்தில் சொன்னால், அது ஆசிரியருக்கு மெய், எதிரே இருந்து பார்க்கும் முப்பது பிள்ளைகளுக்கும் பொய். பந்து அவர்களுக்குப் போத்தலின் பின்னே அல்லவா தெரிகிறது! பிள்ளைகள் குழம்பினால் குற்றம் அவர்களுடையதன்று. கதிரையில் தொடங்கி, போத்தலுக்கு வரும்போது ஆசிரியர் பிள்ளைகளோடு ஒரே திசையை நோக்கி நின்றுகொள்வதே இதற்கு மருந்து. கோயிலுக்கு முன்னால் வீடு என்று தமிழில் சொல்வது பெரும்பாலும் வீதிக்கு மறுபுறத்து வீட்டைத்தான் என்பதையும், ஆங்கிலத்தில் அதற்கு ‘ஒப்பசிற்’ என்ற வேறு சொல் உண்டு என்பதையும் இதே பாடத்தில் சேர்க்கலாம்.

பாடநூற் படத்திலுள்ள பூனையும் கூடையும் எந்த ஊருக்கும் பொதுவானவை. காங்கேசன்துறைப் பிள்ளைக்கு அவற்றைவிட நல்ல படம் ஊரிலேயே உண்டு. 1990 இல் போர்க்கால இடம்பெயர்வோடு நின்றுபோன புகையிரதம் 2015 ஜனவரியில் மீண்டும் இத்துறைவரை வந்தது; இராணுவ உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டிருந்த நடேஸ்வராக் கல்லூரி 2016 இல் மீண்டது; 2023 ஒக்ரோபரில் நாகபட்டினத்திலிருந்து பயணிகள் கப்பல் வந்தது. கால் நூற்றாண்டாகப் பெயராக மட்டும் இருந்த இடங்களைக் கையால் சுட்டிக்காட்டிக் கற்பிக்கும் வாய்ப்பு இன்றைய பிள்ளைகளுக்கு வாய்த்திருக்கிறது. புகையிரத நிலையத்தை ஒரு முழுப் பாடமாகவே ஆக்கலாம்: புகையிரதம் கொழும்பிலிருந்து காங்கேசன்துறைக்கு வருகிறது என்பதில் ‘ஃபுறொம்’, ‘ரூ’, ஆனையிறவு வழியாக வருகிறது என்பதில் ‘துரூ’, பயணி நிலையத்தடியில் இறங்குகிறார் என்பதில் ‘அற்’, மேடையில் நிற்கிறார் என்பதில் ‘ஒன்’, அவருடைய உடுப்பு பெட்டிக்கை இருக்கிறது என்பதில் ‘இன்’. வாகனங்களின் வழக்கையும் இங்கேயே தெளிவுபடுத்தலாம். எழுந்து நின்று நடமாடக்கூடிய புகையிரதம், பஸ், கப்பல் ஆகியவற்றுக்கு ஆங்கிலம் ‘ஒன்’ என்கிறது, இருக்கையில் அமர்ந்தபடியே போகவேண்டிய காருக்கும் ஓட்டோவுக்கும் ‘இன்’ என்கிறது. வெளிச்சவீட்டடி ஒரு புள்ளி, கடற்கரை ஒரு கோடு, காங்கேசன்துறை ஒரு பரப்பு. அவற்றுக்கு முறையே ‘அற்’, ‘ஒன்’, ‘இன்’. வரைபடம் ஒன்றை நிலத்தில் கீறிப் பிள்ளைகளையே அதில் நிறுத்திச் சொல்லவைத்தால் பாடம் உடம்போடு பதியும்.

காலத்தைக் குறிக்கும் வழக்குகளை இடத்துக்குப் பின்னரே எடுப்பது நன்று, ஏனெனில் ஆங்கிலம் அதே மூன்று சொற்களையே அதே ஒழுங்கில் மீண்டும் கையாள்கிறது: மணி ஒரு புள்ளியாதலால் ‘அற்’, நாள் அதைவிட விரிந்ததாதலால் ‘ஒன்’, மாதமும் ஆண்டும் உள்ளடக்கும் காலமாதலால் ‘இன்’. திங்கட்கிழமை வருவேன் என்னும் தமிழ் வாக்கியத்தில் கிழமைப்பெயர் உருபு எதுவும் ஏற்காததால் பிள்ளைகள் அங்கே ‘ஒன்’ என்பதை விட்டுவிடுவார்கள் என்பதை முன்கூட்டியே எதிர்பார்க்கலாம். காலைக்கு ‘இன்’, இரவுக்கு ‘அற்’ என்ற முரண் போன்றவை காரணம் கேட்கப்படாமல் வழக்காகவே பழகத்தக்கவை.

கடைசியாக, தவணைப் பரீட்சைத் தாள்களைத் தயாரிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பூனை கதிரை என்ற இரு சொற்களை எழுதி, நடுவே கோடிட்டு, பொருத்தமான முன்னிடைச்சொல்லால் இடைவெளி நிரப்புக என்று கேட்கும் வினாக்கள் தாள்தோறும் வருகின்றன. பூனை கதிரையில் இருக்கலாம், கீழே கிடக்கலாம், பின்னே ஒளியலாம், பக்கத்தில் நிற்கலாம். பிள்ளை எதை எழுதினாலும் ஆங்கிலம் சரியே, ஆனால் விடைத்தாளில் ஒன்றுக்கு மட்டுமே புள்ளி. சரியான வாக்கியம் எழுதிய பிள்ளைக்குப் பிழைக்குறி இடுவது அநீதி. அதோடு, ஆங்கிலத்தில் காரணம் இல்லை, அதிர்ஷ்டந்தான் உண்டு என்ற எண்ணத்தையும் அது விதைத்துவிடுகிறது. ஒவ்வொரு இடைவெளிக்கும் அருகே கையால் கீறிய ஒரு சிறு படம் போதும். படம் போட வசதியில்லாத இடத்தில், வாக்கியத்தைப் பொருளுடையதாக்கும் எந்தச் சொல்லுக்கும் முழுப்புள்ளி வழங்கலாம் என்று புள்ளியிடல் திட்டத்திலேயே எழுதிவிடலாம்.